தீர்ப்புக்கு முன் ஒரு கேள்வி: பணியிடத்தில் நியாயமாக முடிவெடுத்தல்

பணியிடத்தில் ஒவ்வொரு நாளும் முடிவுகள் எடுக்கப்படுகின்றன. யாருக்கு இரவுப் பணி, யாருக்கு மேலதிக நேரம், யாருடைய விடுமுறை விண்ணப்பம் ஏற்கப்படும், யாருக்கு எச்சரிக்கைக் கடிதம், யார் வேலையை இழப்பார் என்பன அனைத்தும் எவரோ ஒருவர் எடுக்கும் முடிவுகளே. நமது நகர சபைப் பகுதியில் வாழும் தமிழர்களுள் பலர் இம்முடிவுகளுக்கு உட்படுபவர்கள். வேறு பலர் மேற்பார்வையாளர்களாகவும் கடை உரிமையாளர்களாகவும் அவற்றை எடுப்பவர்கள். இப்பாடம் இரு சாராருக்கும் உரியது.

இதன் மையக் கருத்து ஒன்றே. ஒருவரைப் பாதிக்கும் முடிவை எடுக்கும் முன்னர், அதற்கான காரணத்தை அவருக்குத் தெரிவித்து, அவருடைய பதிலைத் திறந்த மனத்துடன் கேட்டல் வேண்டும். முடிவெடுத்து முடித்தபின் கேட்பது, கேட்டலாகாது.

1. முடிவு வேறு, முறை வேறு

நியாயம் என்ற சொல்லை நாம் இரு பொருளில் வழங்குகிறோம். ஒன்று, கிடைத்த முடிவு சரியானதா என்பது. மற்றொன்று, அம்முடிவை அடைந்த முறை சரியானதா என்பது. முதலாவதில் மனிதர்கள் கருத்து வேறுபடுவது இயல்பு. ஒரு பதவி உயர்வுக்கு மூவர் விண்ணப்பித்தால் இருவர் ஏமாற்றமடைவர். அதைத் தவிர்க்க இயலாது. ஆனால் முறையைச் சரியாக வைத்திருப்பது எப்போதும் முடிவெடுப்பவரின் கையில் உள்ளது.

இவ்வேறுபாட்டைத் தமிழர் நன்கறிவர். சிலப்பதிகாரத்தில் பாண்டிய மன்னன் கொடியவன் அல்லன். பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை நம்பி, கோவலன் கையில் சிலம்பு இருப்பின் அவனைக் கொன்று அதைக் கொணருமாறு காவலரை ஏவினான். கோவலன் கையில் சிலம்பு இருந்தது உண்மையே. ஆனால் அது யாருடைய சிலம்பு என்று அவனிடம் எவரும் கேட்கவில்லை. பின்னர் கண்ணகி அவைக்கு வந்து, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று நிறுவியபோது மன்னன் செவிமடுத்தான். தன் பிழையையும் ஏற்றான். அவன் கேட்காமல் இல்லை, காலம் கடந்து கேட்டான். கோவலன் உயிரோடிருந்தபோதே அவ்வொரு கேள்வி கேட்கப்பட்டிருந்தால் போதுமாயிருந்தது.

2. சட்டம் இதனை ஏற்ற விதம்

ஆஸ்திரேலியச் சட்ட மரபு இங்கிலாந்தின் பொதுச் சட்டத்திலிருந்து வளர்ந்தது. அம்மரபில் இக்கொள்கையை உறுதிப்படுத்திய வழக்குகளுள் முதன்மையானது ஒரு நகர நிர்வாகத்தைப் பற்றியது. 1957 இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில், காவல்துறைத் தலைவர் சார்ள்ஸ் ரிட்ஜ் மீது சதிக் குற்றம் சாட்டப்பட்டது. நீதிமன்றம் அவரை விடுவித்தது. எனினும் வழக்கை விசாரித்த நீதிபதி அவரது நடத்தையைக் கண்டித்துப் பேசினார். அதன்பின் நகரத்தின் காவல் மேற்பார்வைக் குழு, அவர்மீதான குறைகளை அவருக்கு அறிவிக்காமலும் அவரது விளக்கத்தைக் கேளாமலும் அவரைப் பணிநீக்கம் செய்தது.

வழக்கு மேன்முறையீடுகளைக் கடந்து பிரபுக்கள் சபையை அடைந்தது. 1963 இல் வழங்கப்பட்ட தீர்ப்பு, அப்பணிநீக்கம் செல்லாது என்றது. ரிட்ஜ் சிறந்த அதிகாரி என்று அத்தீர்ப்பு கூறவில்லை. முறைப்படி விசாரித்திருந்தாலும் குழு அவரை நீக்கியிருக்கக்கூடும். ஆயினும் கேளாமல் எடுத்த முடிவு முடிவாகாது என்பதே அதன் சாரம்.

3. ஆய்வுகள் கூறுவது

கேட்பதால் காலம் வீணாகும், கண்டிப்புக் குறையும் என்று சில மேலாளர்கள் எண்ணுவர். ஆய்வுகள் வேறு விதமாகக் கூறுகின்றன. அமெரிக்க உளவியலாளர் ஜோன் திபோ, சட்ட அறிஞர் லாரன்ஸ் வாக்கர் ஆகியோர் 1975 இல் வெளியிட்ட நூலில், தம் தரப்பைக் கூற வாய்ப்புப் பெற்றவர்கள் தமக்குப் பாதகமான முடிவையும் கூடுதலாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்று காட்டினர்.

1990 இல் ஜெரல்ட் கிரீன்பர்க் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு இதனினும் தெளிவானது. ஒரு நிறுவனம் தன் இரு தொழிற்சாலைகளில் 10 வாரங்களுக்கு ஊதியத்தை 15 சதவீதம் குறைத்தது. ஒரு தொழிற்சாலையில் நிறுவனத் தலைவரே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் காரணங்களை விளக்கி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்குப் பதிலளித்தார். மற்றதில் கால் மணி நேரச் சுருக்கமான அறிவிப்பு மட்டுமே தரப்பட்டது. ஊதியக் குறைப்பு இரண்டிலும் ஒன்றே. எனினும் விளக்கம் கிடைக்காத தொழிற்சாலையில் பொருள்கள் களவு போவது மிகுதியாகக் கூடியது. விளக்கம் கிடைத்த இடத்தில் அது வெகுவாகக் கட்டுப்பட்டிருந்தது.

முறையான முடிவின் அடையாளங்களாக ஜெரல்ட் லெவந்தால் என்பவர் 1980 இல் ஆறு விதிகளை வகுத்தார். அவற்றை எளிய கேள்விகளாக இங்கே தருகிறோம்.

அ. எல்லாருக்கும், எக்காலத்திலும் ஒரே அளவுகோலா?
ஆ. முடிவெடுப்பவருக்கு அதில் சொந்த நலனோ முற்சாய்வோ உண்டா?
இ. தகவல் சரியானதா, சரிபார்க்கப்பட்டதா?
ஈ. பிழை தெரிந்தால் முடிவைத் திருத்த வழி உண்டா?
உ. பாதிக்கப்படுவோரின் கருத்து இடம்பெற்றதா?
ஊ. அறநெறிக்கு ஒத்ததா?

4. ஆஸ்திரேலியச் சட்டத்தின் நிலை

2009 ஆம் ஆண்டின் ஃபேர் வொர்க் சட்டம், ஒரு பணிநீக்கம் கடுமையானதா, அநீதியானதா, நியாயமற்றதா என்று ஃபேர் வொர்க் கமிஷன் ஆராயும்போது கவனிக்க வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. பணியாளரின் திறன் அல்லது நடத்தை தொடர்பான தகுந்த காரணம் இருந்ததா? அக்காரணம் அவருக்கு அறிவிக்கப்பட்டதா? பதிலளிக்க வாய்ப்புத் தரப்பட்டதா? துணைக்கு ஒருவரை அழைத்துவர அவர் கேட்டபோது காரணமின்றி மறுக்கப்பட்டதா? வேலைத்தரம் பற்றியதெனின் முன்னரே எச்சரிக்கப்பட்டாரா? இவற்றுடன் நிறுவனத்தின் அளவும், அங்கு மனிதவளத் துறை உள்ளதா என்பதும், தொடர்புடைய பிற விடயங்களும் கருதப்படும்.

காரணத்தை அறிவிப்பதும் பதிலைக் கேட்பதும் முடிவுக்கு முன்னர் நிகழ வேண்டும் என்பதைத் தீர்ப்புகள் வலியுறுத்தியுள்ளன. பணிநீக்கக் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு நடத்தும் கூட்டம் இத்தேவையை நிறைவேற்றாது.

இப்பாதுகாப்பைக் கோர, பொதுவாக 6 மாதங்கள் பணியாற்றியிருத்தல் வேண்டும். 15 பேருக்குக் குறைவான பணியாளர்களைக் கொண்ட சிறு நிறுவனமாயின் 12 மாதங்கள். விண்ணப்பத்தைப் பணிநீக்கம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள்களுக்குள் சமர்ப்பிக்க வேண்டும். இக்கெடு மிகக் கண்டிப்பானது. விதிவிலக்கான சூழ்நிலைகளில் மட்டுமே நீட்டிக்கப்படும். பாகுபாடு காரணமாகவோ, ஊதியம் பற்றி முறையிட்டதற்காகவோ ஒருவரை நீக்குவதற்கு எதிரான பாதுகாப்புக்குக் குறைந்தபட்சப் பணிக்காலம் தேவையில்லை. ஆனால் அங்கும் 21 நாள் கெடு உண்டு.

சிறு நிறுவனங்களுக்கெனத் தனி நடைமுறைக் கோவை உள்ளது. கடை நடத்தும் நம்மவர்கள் அதைப் படித்திருப்பது நன்று. பாரதூரமான தவறுகள் தவிர்ந்த ஏனையவற்றில், வேலை இழக்கும் நிலையில் இருப்பதைப் பணியாளருக்குக் காரணத்துடன் எச்சரித்து, பதில் கூறவும் திருந்தவும் நியாயமான வாய்ப்பளிக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

மாநில அரசு ஊழியர்கள் பலருக்கும், சில மாநிலங்களில் உள்ளாட்சி ஊழியர்களுக்கும் மாநிலச் சட்டமே பொருந்தும் என்பதையும் நினைவிற்கொள்க.

5. ஓர் எடுத்துக்காட்டு

பின்வருவது விளக்கத்துக்காக அமைக்கப்பட்ட கற்பனை நிகழ்ச்சி. முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் முற்பகல் 10 மணி ஆகியும் ஒரு மூதாட்டி படுக்கையிலேயே இருந்ததை அவரது மகள் கண்டு முறையிடுகிறார். அன்று காலை அப்பகுதிக்குப் பொறுப்பாயிருந்தவர் ஒரு தமிழ்ப் பெண். மேற்பார்வையாளர் அவரை அழைத்து, "காலையில் அவரை எழுப்பவில்லை அல்லவா?" என்று வினவுகிறார். "ஆம், எழுப்பவில்லை" என்று அவர் தலைகுனிந்து கூறுகிறார். எச்சரிக்கைக் கடிதம் தயாராகிறது.

அக்கேள்வி குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யும் கேள்வி. நடந்ததை அறியும் கேள்வி அன்று. "அன்று காலை என்ன நடந்தது என்று கூறுங்கள்" எனக் கேட்டிருந்தால் பதில் வேறாயிருக்கும். அம்மூதாட்டியைப் படுக்கையிலிருந்து தூக்கியில் மாற்ற இருவர் வேண்டும் என்பது இல்லத்தின் பாதுகாப்பு விதி. உடன் பணியாற்ற வேண்டியவர் அன்று வரவில்லை. பதிலாள் அனுப்பப்படவும் இல்லை. தவறு ஆள் ஒதுக்கீட்டில் இருந்தது. எச்சரிக்கைக் கடிதத்தால் அது சரியாகாது. அடுத்த வாரமும் அதே மூதாட்டி படுக்கையில் காத்திருப்பார்.

மாறாக, இருவரும் பணியிலிருந்தும் அக்கறையின்மையால் அவர் எழுப்பப்படவில்லை என்று தெரியவந்தால், எச்சரிக்கை நியாயமானதே. நியாயமான முறை என்பது இரக்கத்தால் விட்டுக்கொடுப்பது அன்று. தண்டிக்க வேண்டியவரைத் தண்டிக்கவும் அதுவே துணைநிற்கும்.

6. முடிவெடுப்போருக்கு

முதலில் குறையைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்: எது, எப்போது, எந்த விதிக்கு மாறாக. அதைக் கூட்டத்துக்கு முன்னரே பணியாளருக்கு அறிவியுங்கள். பதில் தயாரிக்கப் போதிய அவகாசம் கொடுங்கள். கூட்டத்தில் குறைவாகப் பேசி நிறையக் கேளுங்கள். அவர் கூறியவற்றுள் சரிபார்க்க வேண்டியவற்றைச் சரிபாருங்கள். அதன் பின்னரே முடிவெடுத்து, காரணத்துடன் எழுத்தில் தெரிவியுங்கள்.

உறவினர், ஊரவர், நண்பரின் பிள்ளை ஆகியோரை வேலைக்கு அமர்த்தியிருப்பவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். நெருக்கமானவருக்குச் சலுகையும் பிறருக்குச் சட்டமும் என்ற நிலை பணியிடத்தின் நம்பிக்கையைக் கெடுக்கும். அதேபோல், நெருக்கமானவர்தானே என்று விசாரிக்காமல் கடிந்து நீக்குவதும் அநீதியே. உங்களுக்கு நேரடித் தொடர்புள்ள விடயமாயின், இயன்றால் வேறொருவரை விசாரிக்கச் செய்யுங்கள்.

7. பணியாளருக்கு

மேலதிகாரிமுன் மறுத்துப் பேசாதிருப்பதை மரியாதை என்று நம்மில் பலர் கற்று வளர்ந்தோம். இந்நாட்டுப் பணியிடத்தில் மௌனம் ஒப்புதலாகக் கொள்ளப்படலாம். புரியாமல் தலையசைப்பது அதனினும் ஆபத்தானது. பணிவாகவும் தெளிவாகவும் உங்கள் தரப்பைக் கூறுவது அவமரியாதை அன்று.

கூட்டத்துக்கு அழைக்கப்பட்டால், எதைப் பற்றியது என்று எழுத்தில் கேளுங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துவர விரும்புவதாகத் தெரிவியுங்கள். அவர் உங்களுக்காக வாதாட வருபவர் அல்லர். ஆறுதலாக இருக்கவும் குறிப்பெடுக்கவும் வருபவர். ஆங்கிலத்தில் முழுமையாக விளக்க இயலாதெனின் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். உடனே பதிலளிக்க முடியாவிடின் அவகாசம் கேளுங்கள். விளங்காத எந்தத் தாளிலும் கையொப்பமிடாதீர்கள். அன்றிரவே நாள், நேரம், கூறப்பட்டவை ஆகியவற்றைத் தமிழிலாயினும் எழுதி வையுங்கள்.

பணிநேர மாற்றம் கேட்போரும் இவ்வுரிமையை அறிதல் நன்று. பள்ளி வயதிலோ அதற்குக் குறைந்த வயதிலோ உள்ள பிள்ளைகளின் பெற்றோர், பராமரிப்பாளர், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள், 55 வயதை அடைந்தோர் முதலியோர், 12 மாதப் பணிக்காலம் நிறைவுற்றபின், தம் சூழ்நிலையைக் காரணம் காட்டி நெகிழ்வான பணி ஒழுங்கை எழுத்தில் கோரலாம். பணி வழங்குநர் 21 நாள்களுக்குள் எழுத்தில் பதிலளிக்க வேண்டும். மறுப்பதாயின், முன்னதாகப் பணியாளருடன் கலந்து பேசியிருப்பதும், நியாயமான வணிகக் காரணங்களை விளக்குவதும் கட்டாயம். இங்கும் சட்டம் முதலில் கேட்கச் சொல்கிறது.

8. உதவி பெறும் இடங்கள்

ஊதியம், விடுப்பு, பணியிட உரிமைகள் பற்றிய தகவலுக்கு ஃபேர் வொர்க் ஒம்புட்ஸ்மன் அலுவலகம்: 13 13 94.
பணிநீக்கம் தொடர்பான விண்ணப்பங்களுக்கு ஃபேர் வொர்க் கமிஷன்: 1300 799 675.
தமிழில் பேச, தேசிய மொழிபெயர்ப்பு மற்றும் உரைபெயர்ப்புச் சேவை: 131 450. "தமிழ்" என்று கூறி, நீங்கள் பேச விரும்பும் அலுவலகத்தின் எண்ணைக் கொடுங்கள்.

தொழிற்சங்கங்களும் சமூகச் சட்ட மையங்களும் ஆலோசனை வழங்குகின்றன. இப்பாடம் பொதுத் தகவலே. உங்கள் தனிப்பட்ட நிலைக்குரிய சட்ட ஆலோசனை அன்று. 21 நாள் கெடு இருப்பதால், ஐயம் எழுந்த அன்றே அழையுங்கள்.

9. சிந்தனைக்கும் கலந்துரையாடலுக்கும்

அ. அண்மையில் நீங்கள் எடுத்த அல்லது உங்களைப் பாதித்த ஒரு முடிவை எண்ணிப் பாருங்கள். மேற்கூறிய ஆறு கேள்விகளுள் எதற்கு "இல்லை" என்ற பதில் கிடைக்கிறது?
ஆ. ஐந்தாம் பகுதியின் மேற்பார்வையாளர் நீங்களாயின், முதற்கேள்வியாக எதைக் கேட்பீர்கள்?
இ. அதே பகுதியின் பணியாளர் நீங்களாயின், "ஆம்" என்பதற்குப் பின் எந்த வாக்கியத்தைச் சேர்ப்பீர்கள்?

மூன்றாம் கேள்விக்குரிய வாக்கியத்தை வீட்டில் உரக்கச் சொல்லிப் பழகுங்கள். தேவைப்படும் நாளில் அது நாவில் நிற்கும்.