முதலில் செய்வது எது?

நுழையும்முன்

கற்றதை நினைவில் நிறுத்தி எழுதுவது ஒருவகைத் தேர்வு. உயிர் ஒன்று ஊசலாடும் வேளையில், கற்ற பலவற்றுள் எதை முதலில் செய்வது எனத் தெளிவது மற்றொரு வகைத் தேர்வு. செவிலியர் உரிமத் தேர்வு இரண்டாம் வகையைச் சார்ந்தது. அதற்கான பயிற்சி வினாக்கள் மனத்தை எவ்வாறு பழக்குகின்றன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மருத்துவம் மருத்துவரால் மட்டும் நிறைவுறுவதில்லை. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து துணைசெய்பவர் என மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறது. நான்காம் கூறாகிய அத்துணைவரின் இடத்தில் இன்று நிற்பவர் செவிலியர். மருத்துவர் நோயாளியைக் காண்பது நாளில் சில மணித்துளிகளே. செவிலியரோ இரவும் பகலும் முறைமாற்றி அருகிலிருக்கிறார். நோயாளியின் நிலையில் தோன்றும் சிறு மாற்றமும் பெரும்பாலும் அவர் கண்ணிலேயே முதலில் படுகிறது. அம்மாற்றத்தை அவர் உணரத் தவறினால், மருத்துவரின் திறமையும் மருந்தின் ஆற்றலும் உரிய நேரத்தில் பயன்படாமற்போகும். ஆகவே, படிப்பை முடித்தவர் பாதுகாப்பாகப் பணியாற்றவல்லவரா எனச் சோதித்து உரிமம் வழங்கும் முறை பல நாடுகளில் உருவாயிற்று.

உரிமம் தோன்றிய வரலாறு

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1860இல் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தோற்றுவித்தார். செவிலியத்தை முறையான கல்வியாக உயர்த்திய அவரே, தேர்வு நடத்திச் செவிலியரைப் பதிவு செய்யும் திட்டத்தை எதிர்த்தார் என்பது வியப்பளிக்கும் செய்தி. செவிலியரின் அறிவைத் தேர்வால் அளக்கலாம். பண்பையும் பணித்திறத்தையும் எவ்வாறு அளப்பது என்பதே அவர் எழுப்பிய ஐயம்.

எனினும் பதிவுமுறை பரவியது. நியூசிலாந்து 1901இல் செவிலியர் பதிவுக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வட கரோலினா மாநிலம் 1903இல் முதலாவதாக இத்தகைய சட்டத்தைக் கொணர்ந்தது. சென்னை மாகாணத்தில் 1926ஆம் ஆண்டு செவிலியர் மற்றும் பேறுகாலப் பணியாளர் சட்டம் நிறைவேறியது. இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் 1947இல் வந்தது.

அமெரிக்காவில் பதிவுபெற்ற செவிலியராக விரும்புவோர் எழுதும் உரிமத் தேர்வு ‘என்கிளெக்ஸ்’ எனப்படுகிறது. சிக்காகோ நகரைத் தலைமையிடமாகக் கொண்டு 1978இல் தொடங்கப்பட்ட மாநிலச் செவிலிய வாரியங்களின் தேசிய மன்றம் இதனை நடத்துகிறது. கனடாவின் பல மாநிலங்களும் 2015 முதல் இதனை ஏற்றன. அந்நாடுகளில் பணியாற்ற விரும்பும் இந்தியச் செவிலியரும் இத்தேர்வை எழுதுகின்றனர்.

தெரிந்து தெளிவோம்

சங்க அகப்பாடல்களில் ‘செவிலி’ என்பவள் தலைவியை வளர்த்த தாய். பெற்றவள் நற்றாய், பேணி வளர்த்தவள் செவிலித்தாய். பேணுதல் என்னும் அப்பொருளின் வழியிலேயே, நோயாளியைப் பேணுபவரைக் குறிக்கும் ‘செவிலியர்’ என்னும் சொல் இன்று வழங்குகிறது.

மதிப்பெண் இல்லாத தேர்வு

என்கிளெக்ஸ் தேர்வில் மதிப்பெண் பட்டியல் இல்லை, தரவரிசை இல்லை. தேர்ச்சி, தேர்ச்சியின்மை என்னும் இரண்டே முடிவுகள். 1994 முதல் இது கணினிவழி நடைபெறுகிறது. அனைவருக்கும் ஒரே வினாத்தாள் வழங்கப்படுவதில்லை. உயரம் தாண்டும் போட்டியில், தாண்டியவருக்குக் கோல் உயர்த்தப்படுகிறது. இத்தேர்வும் அதுபோன்றதே. ஒரு வினாவுக்குச் சரியான விடை அளித்தால் அடுத்து வருவது சற்றுக் கடினமாகும்; தவறினால் சற்று எளிதாகும். இவ்வாறு தேர்வரின் திறன் எந்த உயரத்தில் நிலைகொள்கிறது என்பதைக் கணினி கணித்துக்கொண்டே செல்கிறது.

குறைந்த அளவு 85 வினாக்கள். மிகுதியளவு 150 வினாக்கள். காலம் ஐந்து மணி நேரம். தேர்வரின் திறன் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே உள்ளதா, கீழே உள்ளதா என்பது 95 விழுக்காடு உறுதியானதும் கணினி நின்றுவிடுகிறது. ஆகவே, 85இல் முடிந்தால் வெற்றி என்றோ, 150 வரை நீண்டால் தோல்வி என்றோ கொள்வதற்கில்லை. கடந்த வினாவுக்குத் திரும்பிச் சென்று விடையை மாற்றவும் இயலாது. எவ்வளவு கற்றவருக்கும் வினாக்கள் கடினமாகவே தோன்றும். அவரவர் திறனின் எல்லையிலேயே வினாக்கள் வந்து நிற்பது அதற்குக் காரணம்.

இத்தகைய தேர்வை வினா விடைகளை மனப்பாடம் செய்து வெல்லுதல் அரிது. அப்படியாயின், ஆயிரக்கணக்கான பயிற்சி வினாக்களுக்கு விடை எழுதிப் பார்ப்பதன் பயன் யாது? மூன்று எடுத்துக்காட்டுகள் அதனைத் தெளிவுபடுத்தும்.

நிறுத்தத் தெரிந்த கை

நோயாளி ஒருவருக்குக் குருதி ஏற்றப்படுகிறது. தொடங்கிப் பத்து நிமிடம் ஆன நிலையில், “குளிர் நடுக்குகிறது; இடுப்பு வலிக்கிறது” என்கிறார். செவிலியர் முதலில் செய்ய வேண்டியது எது?

அ) மருத்துவருக்குத் தெரிவித்தல்
ஆ) குருதி செல்லும் வேகத்தைக் குறைத்தல்
இ) குருதி ஏற்றுவதை நிறுத்துதல்
ஈ) காய்ச்சலுக்கான மாத்திரை கொடுத்தல்

பலர் ‘அ’ என்னும் விடையை நாடுவர். மருத்துவருக்குத் தெரிவிப்பது தவறன்று; கட்டாயம் செய்ய வேண்டியதே. ஆனால், அது முதற்செயல் அன்று. ஏற்றப்படும் குருதி உடலுக்கு ஒவ்வாததாயின், தொலைபேசியை எடுத்துப் பேசி முடிக்கும்வரை ஒவ்வொரு துளியும் தீங்கு செய்துகொண்டேயிருக்கும். வேகத்தைக் குறைத்தாலும் தீங்கு தொடரும். எனவே, ‘இ’ என்பதே விடை. குருதியை நிறுத்தியபின், புதிய குழாய் வழியே உப்புக் கரைசலைச் செலுத்தி இரத்தநாள வழியைத் திறந்து வைத்தல், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் முதலியவற்றைப் பார்த்தல், மருத்துவருக்குத் தெரிவித்தல், எஞ்சிய குருதிப் பையைக் குருதி வங்கிக்கு அனுப்புதல் ஆகியன தொடரும்.

சரியான செயல்கள் பலவற்றுள் முதற்செயலைத் தேர்ந்தெடுப்பதே இங்குக் கேட்கப்படும் அறிவு. தீங்கு நடந்துகொண்டிருக்கும்போது முதலில் அதனைத் தடுக்க வேண்டும் என்னும் நெறியை இவ்வொரு வினா கற்பிக்கிறது. மருந்து செலுத்தும்போது தோலில் திடீரெனத் தடிப்பு எழுந்து மூச்சுத் திணறினாலும் அதே நெறி பொருந்தும்.

மெல்லிய ஒலியின் ஆபத்து

பணிமாற்றத்தின்போது நான்கு நோயாளிகள் ஒரு செவிலியரிடம் ஒப்படைக்கப்படுகின்றனர். அவர் முதலில் யாரைக் காணவேண்டும்?

அ) முதல்நாள் குடல்வால் அறுவை செய்துகொண்டவர்; வலி பத்துக்கு ஆறு என்கிறார்.
ஆ) தைராய்டு அறுவை முடிந்து ஆறு மணி நேரமானவர், மூச்சை உள்ளிழுக்கும்போது கீச்சென்ற ஒலி கேட்கிறது.
இ) நீரிழிவு உள்ளவர்; உணவுக்கு முந்தைய சர்க்கரை அளவு 190 மில்லிகிராம்.
ஈ) வீடு திரும்பவிருப்பவர், காத்திருக்க நேர்ந்ததால் சினந்து குரல் எழுப்புகிறார்.

உரக்கக் குரலெழுப்புபவர் நான்காமவர். வலியைச் சொல்பவர் முதலாமவர். இரண்டாமவரோ ஒன்றும் கேட்கவில்லை. எனினும் அந்த மெல்லிய கீச்சொலி, கழுத்தில் வீக்கமோ குருதிக்கசிவோ ஏற்பட்டு மூச்சுக்குழல் நெருக்கப்படுவதன் அடையாளமாகலாம். மூச்சுவழி முதலாவது, மூச்சு இரண்டாவது, குருதியோட்டம் மூன்றாவது என்னும் வரிசையைச் செவிலியம் போற்றுகிறது. மூச்சுவழி அடைபட்டால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். எனவே, ‘ஆ’ என்பவரே முதலில் காணத்தக்கவர். குரலின் உயரம் வேறு, ஆபத்தின் உயரம் வேறு என்பதை இவ்வினா உணர்த்துகிறது.

ஆறு படிகள்

புதிதாகப் பணியேற்கும் செவிலியரிடம் அறிவு மட்டுமன்றி, தக்க முடிவெடுக்கும் திறனும் வேண்டும் என்பது பலகாலமாக உணரப்பட்டது. அதனால் 2023 ஏப்ரல் முதல் என்கிளெக்ஸ் புதிய வடிவம் பெற்றது. ஒரே நோயாளியின் வரலாற்றைச் சொல்லி, அதன்மீது அடுத்தடுத்து ஆறு வினாக்கள் தொடுக்கும் பகுதிகள் இதில் இடம்பெற்றன. குறிகளைக் காணுதல், குறிகளை ஆராய்தல், காரணங்களை வரிசைப்படுத்துதல், தீர்வுகளை வகுத்தல், செயலாற்றுதல், விளைவை மதிப்பிடுதல் என்பன அவ்வாறு படிகள்.

எழுபத்திரண்டு அகவை மூதாட்டி ஒருவர் சிறுநீர்த் தொற்றுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளார் எனக் கொள்வோம். மாலையில் அவரது உடல்வெப்பம் 39.1 பாகை செல்சியஸ். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 118. மூச்சு நிமிடத்துக்கு 26. இரத்த அழுத்தம் 88/50. நண்பகலுக்குப்பின் சிறுநீர் மிகக்குறைவு. காலையில் தெளிவாகப் பேசியவர் இப்போது தம் மகனை அடையாளம் காணத் தடுமாறுகிறார். அவருக்கு நாட்பட்ட மூட்டுவலியும் உண்டு, மூக்குக்கண்ணாடி அணிபவர்.

மூட்டுவலியும் கண்ணாடியும் உண்மைகளே. ஆயினும், இந்நேரத்துக்கு உதவாதவை. அவற்றை ஒதுக்கி ஏனையவற்றைப் பற்றிக்கொள்வது முதற்படி. தொற்று, விரைந்த நாடி, தாழ்ந்த இரத்த அழுத்தம், புதிய மனக்குழப்பம் ஆகியவற்றைத் தனித்தனியே நோக்காமல் ஒன்றோடொன்று இணைத்துப் பார்ப்பது இரண்டாம் படி. நீரிழப்பா, மருந்தின் பக்கவிளைவா, தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை புரிந்து உறுப்புகளைத் தாக்கும் ‘செப்சிஸ்’ நிலையா எனக் காரணங்களை நிறுத்திப்பார்த்து, மிக ஆபத்தானதும் மிகப் பொருந்துவதுமான செப்சிஸை முன்வைப்பது மூன்றாம் படி. “முதுமையில் இப்படித் தடுமாறுவது இயல்புதானே” என்று கடந்துசெல்லும் மனம் வழுக்கி விழுவது இங்கேதான்.

நாளங்களில் நீர்மம் செலுத்துதல், குருதியில் நுண்ணுயிரி உள்ளதா என அறியும் சோதனை, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, சிறுநீரை அளத்தல் எனத் தேவைப்படுவனவற்றை எண்ணிப்பார்ப்பது நான்காம் படி. உடனே மருத்துவரை அழைத்து நிலைமையை எண்களோடு எடுத்துரைத்து, அவர் ஆணைப்படி சோதனைக்குரிய குருதியை எடுத்தபின் காலந்தாழ்த்தாது மருந்தைத் தொடங்குவது ஐந்தாம் படி. இரத்த அழுத்தம் ஏறியதா, சிறுநீர் பெருகியதா, மூதாட்டி மகனை அறிந்துகொண்டாரா என மீண்டும் பார்ப்பது ஆறாம் படி. செயலோடு கடமை முடிவதில்லை. செயல் பயன்தந்ததா எனப் பார்ப்பதில்தான் முடிகிறது.

பிழைகளின் ஏடு

பயிற்சி வினாவின் பயன், விடை சரியா தவறா என்று அறிவதோடு நின்றுவிடுவதில்லை. ஒவ்வொரு வினாவுக்கும் பின்னே தரப்படும் விளக்கத்தைப் படிப்பதில்தான் கல்வி தொடங்குகிறது. சரியான விடை ஏன் சரி என்பதோடு, மற்ற மூன்றும் ஏன் பொருந்தவில்லை என்பதையும் அறிதல் வேண்டும். ஊகத்தால் சரியாக அமைந்த விடையையும் தவறான விடைபோலவே கருதி ஆராய வேண்டும். நோயாளியின் முன் ஊகம் எப்போதும் கைகொடுக்காது.

பிழைகளை மூவகையாகப் பகுத்து ஓர் ஏட்டில் குறித்து வருதல் நற்பழக்கம். முதல்வகை, செய்தியை அறியாமையால் நேர்வது; பாடநூலுக்குத் திரும்பினால் அது தீரும். இரண்டாம் வகை, வினாவை ஊன்றிப் படியாமையால் நேர்வது. குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து உண்பவருக்கு ‘மேலும் விளக்கம் தேவை’ என்பதைக் காட்டும் கூற்று எது என வினவினால், தவறான கூற்றே விடையாகும். “தலைவலி வந்தால் ஆஸ்பிரின் போட்டுக்கொள்வேன்” என்பதே அது. இரண்டு மருந்தும் சேர்ந்தால் குருதிப்போக்கு மிகும். மூன்றாம் வகை, எல்லாம் அறிந்தும் வரிசையில் தவறுவது. இதனைத் தீர்ப்பதற்குக் கூடுதல் பாடம் உதவாது. முடிவெடுக்கும் பழக்கமே உதவும். ஒரு நாளில் இருநூறு வினாக்களை விரைந்து முடிப்பதினும், ஐம்பது வினாக்களை விளக்கத்தோடு முடிப்பது நலம் பயக்கும்.

தேர்ச்சி பெறாதவர், தேசிய மன்றத்தின் விதிப்படி 45 நாள்கள் கழித்து மீண்டும் எழுதலாம். ஏட்டில் உள்ள பிழைகளை வகைபிரித்துப் பார்ப்பவருக்கு அந்த நாள்கள் வீணாவதில்லை.

நோயாளியின் படுக்கையருகே நான்கு விடைகள் எழுதி வைக்கப்பட்டிருப்பதில்லை. அங்கு வினாவையே செவிலியர்தாம் கண்டறிய வேண்டும். நள்ளிரவில், களைத்த உடலோடு, மூச்சின் ஒலி மாறியதைக் கேட்டு நின்று நோக்கும் செவிலியருக்கு, முன்னர் ஊன்றிப் பயின்ற வினாக்கள் துணைநிற்கின்றன. நைட்டிங்கேல் எழுப்பிய ஐயம் இன்னும் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. இரக்கத்தை அளக்கும் கணினி எதுவுமில்லை. ஆனால், இரக்கம் உள்ளவர் தக்க நேரத்தில் தக்க செயலைச் செய்யப் பயிலலாம். அப்பயிற்சி, ஒருவர் உயிரோடு வீடு திரும்பக் காரணமாகலாம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரைச் சந்தித்து, அவரது ஒருநாள் பணியை அறிந்து வகுப்பில் பகிர்க.
2. கடந்த தேர்வில் நீங்கள் செய்த பிழைகளை அறியாமை, ஊன்றிப் படியாமை, வரிசைத் தவறு என மூவகையாகப் பகுத்துப் பட்டியலிடுக.
3. பள்ளி விளையாட்டுத் திடலில் மாணவர் ஒருவர் மயங்கி விழுகிறார். ‘முதலில் செய்வது எது?’ என்னும் வினாவை நான்கு விடைகளோடு அமைத்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுக.

குறுவினா
1. செவிலியர் பதிவுமுறை குறித்து நைட்டிங்கேல் எழுப்பிய ஐயம் யாது?
2. ஊகத்தால் சரியாக அமைந்த விடையையும் ஏன் ஆராய வேண்டும்?

சிறுவினா
1. உயரம் தாண்டும் போட்டியோடு என்கிளெக்ஸ் தேர்வு ஒப்பிடப்படுவதன் பொருத்தத்தை விளக்குக.
2. ‘குரலின் உயரம் வேறு, ஆபத்தின் உயரம் வேறு’ – பாடப்பகுதிவழி நிறுவுக.

நெடுவினா
மூதாட்டியின் நிலையைக் கொண்டு, முடிவெடுத்தலின் ஆறு படிகளைத் தொகுத்து எழுதுக.