தேங்காயும் மாசியும்
தொலைபேசியில் வரும் வியாபாரச் செய்தியை எடைபோடுவது எப்படி?



நம் முன்னோர் தமிழகத்திலிருந்து இந்த மலைகளுக்கு வந்த கதையை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கண்டிச் சீமையிலே தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆள்கட்ட வந்தவர்கள் ஆசை காட்டினார்களாம். அதை நம்பிக் கடல் கடந்து, காட்டு வழி நடந்து வந்தவர்களுக்குக் கிடைத்தது லயத்துக் காம்பராவும் தீராத கடனும்தான். கடன் தீர்ந்தாலன்றித் தோட்டம் மாற விடாத 'துண்டு' முறை 1921 ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அவர்கள் அறிவில்லாமல் ஏமாறவில்லை. சொன்னவர் சொந்த ஊர்க்காரர், பல வேளைகளில் உறவினர். சொன்னது உண்மையா என்று போய்ப் பார்த்து வருவதற்கோ வழியில்லை. இன்று நமக்கு அந்த வழி உண்டு. அதை நாம் பயன்படுத்துகிறோமா என்பதே கேள்வி.

பூண்டுலோயா பட்டணத்தில் டன்சினன் பக்கம் போகும் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போதே கைத்தொலைபேசியில் எத்தனை செய்திகள் வந்து விழுகின்றன! "வீட்டிலிருந்தே நாளொன்றுக்கு ஐயாயிரம் ரூபா", "போட்ட பணம் இரு மாதத்தில் இரட்டிப்பு", "மொத்த விலையில் துணி, முற்பணம் மட்டும் அனுப்புங்கள்" என்று முகநூலும் வட்ஸ்அப்பும் டிக்டொக்கும் அழைக்கின்றன. ஒரு தாய் முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்துப் பெற்ற சேமலாப நிதிப் பணமும், மகளுக்கென்று சேர்த்த நகையும் இந்த அழைப்புகளை நம்பிப் போய்விடக் கூடும். ஆகவே இப்பாடம் நம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரியது.

நம் நாட்டில் நடந்தது

'எம்.டி.எஃப்.ஈ.' என்ற செயலியைப் பலர் அறிவீர்கள். கனடாவில் இயங்கும் நிறுவனம் என்று அது தன்னைச் சொல்லிக்கொண்டது. அதில் பணம் போட்டவர்களின் திரையில் நாள்தோறும் இலாபம் ஏறிக்கொண்டே போனது. ஆரம்பத்தில் சிறு தொகைகளை எடுக்கவும் முடிந்தது. அப்படி எடுத்தவர்கள் மகிழ்ந்து, தம் உறவினரையும் நண்பரையும் சேர்த்துவிட்டார்கள். பங்களாதேஷில் நிறையப் பேரைச் சேர்த்தவர்களுக்குப் 'பிரதான நிறைவேற்று அதிகாரி' என்ற பட்டமும் கிடைத்தது. 2023 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் எல்லாம் நின்றுபோயிற்று. பணத்தை எடுக்க முடியவில்லை. இருப்பு இருந்த இடத்தில் கடன் காட்டியது. அதைக் கட்டும்படியும் கேட்டது. இலங்கை, பங்களாதேஷ், இந்தியா, நைஜீரியா எனப் பல நாடுகளில் மக்கள் பணத்தை இழந்தார்கள். இலங்கை மத்திய வங்கி அதே ஆண்டில் இதைத் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் வரிசையில் சேர்த்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மக்களை இழுத்தது விளம்பரம் மட்டுமல்ல. "என் மச்சான் போட்டார், பணம் வந்தது" என்ற பேச்சே பெரும்பாலும் இழுத்தது. மச்சான் பொய் சொல்லவில்லை. அவருக்குப் பணம் வந்தது உண்மை. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பது அவருக்கும் தெரியாது. ஒருவர் நல்லவர் என்பது வேறு, அவர் சொல்வது சரி என்பது வேறு. முன்னதற்கு நம் மனம் சாட்சி. பின்னதற்கு வெளியே சாட்சி தேட வேண்டும்.

அதற்கு மூன்று கேள்விகள் போதும்.

முதற் கேள்வி: இலாபம் எங்கிருந்து வருகிறது?

1920 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் சார்ள்ஸ் பொன்சி என்பவர் 45 நாளில் 50 வீத இலாபம் தருவதாகச் சொன்னார். வெளிநாட்டுத் தபால் பதில் கூப்பன்களை மலிவாக வாங்கி விற்பதே தம் வியாபாரம் என்றார். மக்கள் வரிசையில் நின்று பணம் கொடுத்தார்கள். கிளாரன்ஸ் பரன் என்ற நிதி ஆய்வாளர் ஒரு கணக்குப் போட்டார். அவ்வளவு பணத்துக்குப் பதினாறு கோடி கூப்பன்கள் புழங்க வேண்டும். உண்மையில் புழங்கியவை 27,000 அளவுதான்! பின்னால் வந்தவரின் பணத்தை எடுத்து முன்னால் வந்தவருக்குக் கொடுத்ததே அந்த 'வியாபாரம்'. சில வாரங்களில் அது சரிந்தது.

நாமும் கணக்குப் போடலாம். நாளொன்றுக்கு ஒரு வீத இலாபம் என்று ஒருவர் சொன்னால் சிறிதாகத் தோன்றும். அதை எடுக்காமல் விட்டால் பத்தாயிரம் ரூபா ஓராண்டில் மூன்றே முக்கால் இலட்சத்துக்கு மேல் ஆக வேண்டும். எந்தக் கடை, எந்தத் தோட்டம் இப்படி விளையும்? இன்னொரு கணக்கு: ஒவ்வொருவரும் ஆறு பேரைச் சேர்க்க வேண்டுமானால் ஏழாம் படியில் 279,936 பேர் வேண்டும், எட்டாம் படியில் 1,679,616 பேர். 2012 குடிசன மதிப்பீட்டின்படி நம் நுவரெலியா மாவட்டத்தின் மொத்த மக்களே சுமார் 7 இலட்சத்து 11 ஆயிரம் பேர்தான். கடைசிப் படியில் நிற்பவர் யாரைச் சேர்ப்பார்?

இரண்டாம் கேள்வி: பணம் வாங்க இவருக்கு அனுமதி உண்டா?

"எங்கள் கம்பனி அரசாங்கத்தில் பதிவு செய்யப்பட்டது" என்று சான்றிதழின் படத்தை அனுப்புவார்கள். பதிவு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கம்பனியாகப் பதிவது வேறு, மக்களின் பணத்தை வைப்பாக ஏற்பதற்கு மத்திய வங்கி தரும் அனுமதி வேறு. 2008 இல் வீழ்ந்த கோல்டன் கீ கடன் அட்டை நிறுவனம் பெயர்பெற்ற ஒரு பெருங் குழுமத்தைச் சேர்ந்தது. அந்தப் பெயரை நம்பித்தான் பல குடும்பங்கள் பணத்தை ஒப்படைத்தன. வைப்பு ஏற்கும் அனுமதி அதற்கு இருக்கவில்லை. அக்காலத்தில் இத்தனை கைத்தொலைபேசிச் செய்திகள் இல்லை. ஆயினும் ஏமாற்றம் ஒன்றுதான்.

அனுமதி பெற்ற வங்கிகள், நிதிக் கம்பனிகள் ஆகியவற்றின் பட்டியலும், தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பட்டியலும் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் உள்ளன. 1935 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். வெளிநாட்டு வேலை என்றால் வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கம் இருக்கிறது. பொருள் வாங்கி ஏமாந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 உண்டு.

மூன்றாம் கேள்வி: இச்செய்திக்கு வெளியே சாட்சி உண்டா?

அனுப்பியவர் தந்த இலக்கத்தையே அழைத்துக் கேட்பது திருடனிடமே சாவியைக் கொடுப்பது போலாகும். வேறு வாசல் வழியாகப் போய்க் கேளுங்கள். முகநூல் பக்கம் ஒன்று எப்போது தொடங்கப்பட்டது, முன்பு எந்தப் பெயரில் இருந்தது என்பதை அப்பக்கத்தின் விவரப் பகுதியிலேயே காணலாம். 'இருபது வருட அனுபவம்' என்று சொல்லும் கடையின் பக்கம் போன மாதம் பிறந்ததாக இருந்தால் விலகிவிடுங்கள். விருப்பக் குறிகளையும் பாராட்டு வரிகளையும் காசுக்கு வாங்கலாம். தலைவர்களும் விளையாட்டு வீரர்களும் பேசுவது போன்ற போலிக் காணொளிகளையும் இன்று செய்ய முடிகிறது. ஆகவே கண்ணால் கண்டதும் போதாது.

விற்பவர்களுக்கும் ஒரு சொல்

நம் பெண்கள் பலர் தைத்த உடையையும் செய்த பலகாரத்தையும் வட்ஸ்அப்பில் விற்று வருவது நல்ல முயற்சி. அவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாங்குபவர் அனுப்பும் வங்கிப் பற்றுச்சீட்டின் படம் பணமாகாது. படத்தைத் திருத்த முடியும். உங்கள் கணக்கில் பணம் சேர்ந்ததைப் பார்த்த பின்பே பொருளைக் கொடுங்கள். வங்கி அனுப்பும் இரகசிய இலக்கத்தை எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். அதேபோல், உங்கள் பொருளைப் பற்றி நீங்கள் எழுதுவதும் உண்மையாக இருக்கட்டும். நேர்மையாக விற்பவரின் பெயர் நாளடைவில் ஊரெங்கும் பேசப்படும்.

ஏற்கனவே ஏமாந்திருந்தால்?

வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். போன பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று கட்டணம் கேட்பவர்களும் வருவார்கள். அவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். உடனே உங்கள் வங்கிக்கும் பொலிஸுக்கும் அறிவியுங்கள். செய்திகளையும் பற்றுச்சீட்டுகளையும் அழிக்காமல் வையுங்கள். வீட்டார் ஏசுவார்கள் என்ற பயத்தில் மௌனமாக இருப்பவர், இழந்ததைப் பிடிக்க வட்டிக்கு வாங்கி மறுபடியும் போடுவார். ஆகையால் வீட்டில் ஒருவர் ஏமாந்தால் முதலில் ஆறுதல் சொல்லுங்கள், பிறகு கணக்குப் பாருங்கள்.

இறுதியாக ஒன்று. பிரமிட் திட்டத்தை நடத்துவது மட்டுமன்றி, அதை விளம்பரப்படுத்துவதும் ஊக்குவிப்பதும் வங்கித்தொழில் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும். சட்டம் ஒருபுறமிருக்க, நாம் அனுப்பும் செய்தியோடு நம் நல்ல பெயரும் சேர்ந்து போகிறது. பக்கத்துக் காம்பராக்காரர் அந்தச் செய்தியை நம்பமாட்டார், நம்மைத்தான் நம்புவார். தேங்காயும் மாசியும் என்று அன்று சொன்னவர்களில் எத்தனை பேர் தாமும் அதை உண்மையென்றே நம்பிச் சொன்னார்களோ! அந்த வரிசையில் நாமும் சேராதிருப்போம்.

குடும்பத்தில் கலந்து பேச:

1. கடந்த ஒரு மாதத்தில் நம் வீட்டுக்கு வந்த வியாபாரச் செய்திகள் எவை? மூன்று கேள்விகளையும் அவற்றுக்குக் கேட்டுப் பாருங்கள்.
2. விசாரிக்காமல் நாம் பிறருக்கு அனுப்பியது ஏதேனும் உண்டா? அதை இன்று எப்படித் திருத்தலாம்?
3. பெரிய தொகை ஒன்றை எங்கும் போடுமுன் வீட்டில் யார் யாரைக் கேட்பது என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.