வகுப்புக்குள் எதைக் கொண்டுபோவது? புதிய சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு

இந்த ஆண்டு பணியில் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

துணைக்கருவி என்றாலே நம் துறையில் சார்ட், மாடல், இப்போது ஸ்மார்ட் போர்டில் ஒரு வீடியோ என்று பழகிவிட்டது. பி.எட். படித்தபோது டி.எல்.எம். ரெக்கார்டுக்காக நீங்களும் இரவு முழுக்க வெட்டி ஒட்டியிருப்பீர்கள். அறிவியல் ஆசிரியருக்கு ஆய்வகம் உண்டு. வரலாறும் சமயமும் தத்துவமும் குடிமையியலும் நடத்துகிற நமக்கு அப்படி ஓர் அறையை யாரும் ஒதுக்குவதில்லை. ஆனால் பிள்ளைகள் தாங்களே சோதித்துப் பார்க்கக்கூடிய பொருள் நம் பாடத்தில்தான் ஏராளம். எதை எடுத்துப்போவது, எப்படிக் கொடுப்பது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

1. முடிவை எழுதிச் சுவரில் ஒட்டாதீர்கள். சான்றைக் கையில் கொடுங்கள்.

‘சோழர் காலத்திலேயே மக்களாட்சி’ என்று வண்ண எழுத்தில் சார்ட் தயாரித்துவிட்டால், பிள்ளைக்கு அதை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வேலை இல்லை. அதே குடவோலைப் பாடத்துக்கு, உத்திரமேரூர்க் கல்வெட்டின் விதிகளை எளிய தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி, நான்கு பேருக்கு ஒரு தாள் என்று கொடுத்துப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டியவை அவை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் நின்று பார்க்கலாம். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்திருந்தார்கள். வாரியத்தில் இடம்பெற, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். இரண்டாவது கல்வெட்டின்படி வயது 35க்கு மேல் 70க்குள். வேதப் பயிற்சி வேண்டும். கூடுதலாகப் படித்திருந்தால் நில அளவில் சலுகை உண்டு. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள்.

தாளைக் கொடுத்தபின் ஒரே ஒரு கேள்வி: யாருடைய பெயர் இந்தக் குடத்துக்குள் போகவே போகாது? பதிலுக்கு அவசரப்படாதீர்கள். நிலமில்லாதவர் என்று ஒரு குரல் வரும். பெண்கள் என்று இன்னொரு குரல். இது பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம் என்பதை அப்போது சொல்லுங்கள், முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். கணக்குக் காட்டாதவர் விதியைப் பார்த்துவிட்டு, “இதை இப்பவும் வைக்கலாமே சார்” என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அதன் பிறகு அரசமைப்புச் சட்டத்தின் 326ஆம் பிரிவை எடுத்துவையுங்கள்: வயது வந்த எல்லோருக்கும் வாக்கு. அந்த வயது 21இலிருந்து 18 ஆனது 1989இல். பெருமையும் கேள்வியும் ஒரே கல்லிலிருந்து வரட்டும். ஒன்றுக்காக மற்றதை மறைத்தால் பிள்ளை நம்மை நம்பாது.

2. ஒரு பாடவேளைக்கு ஒரு பொருள் போதும்.

நாற்பது நிமிடத்தில் ஐந்து படம், இரண்டு வீடியோ, ஒரு மாடல் என்று காட்டினால் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துவிட்டு எழுந்து போவார்கள்.

3. சமயப் பாடத்தில், அந்தச் சமயத்தார் தங்களைப் பற்றிச் சொல்வதையே முதலில் வையுங்கள்.

முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. இதைக் காட்டிச் சமயப் பாடத்தையே தொட பயப்படும் ஆசிரியர்கள் உண்டு. சமயங்களைப் பற்றிக் கற்பிப்பது வேறு, சமயத்தைப் போதிப்பது வேறு என்று உச்ச நீதிமன்றம் 2002இல் அருணா ராய் வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது. பயம் வேண்டாம், கவனம் வேண்டும்.

எந்தச் சமயத்தையும் ஒரே நிறத்தில் காட்டாதீர்கள். கோயில், மசூதி, தேவாலயம் என்று மூன்று படத்தை வரிசையாக ஒட்டும் சார்ட் நல்லெண்ணத்தோடு செய்ததுதான், ஆனால் அது பிள்ளைக்கு எதையும் கற்றுத்தருவதில்லை. நாகூர் தர்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உள்ள மினாராக்களில் மிக உயரமானதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங். கந்தூரிக்கு எல்லாச் சமயத்தாரும் வருகிறார்கள். அதே நேரத்தில், தர்கா வழிபாடு தங்கள் மார்க்கத்துக்கு உகந்ததல்ல என்று கருதும் முஸ்லிம்களும் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். இரண்டையும் சொல்லுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள். எல்லாச் சமயத்துக்குள்ளும் இப்படி வாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது என்பதே பாடம்.

வழிபாட்டுப் பொருளை மேசைமேல் வைத்துக் கைமாற்றிக் காட்டாதீர்கள். நமக்கு அது துணைக்கருவி, வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு அது சாமி. “நீ சொல்லும்மா, உங்க வீட்டுல எப்படித் தொழுவீங்க?” என்று ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்தவும் கூடாது. தன் சமயம் முழுவதற்கும் பதில் சொல்லும் பொறுப்பைப் பதினோரு வயதுப் பெண்ணின் தலையில் வைப்பது அநியாயம். வேண்டுமானால் ஊர்ப் பெரியவர் ஒருவரைத் தலைமையாசிரியர் அனுமதியோடு அழையுங்கள். என்ன பேசப்போகிறார் என்பதை முந்தின நாளே உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

4. தத்துவம் நம் பாடத்திட்டத்தில் இல்லை என்று நினைக்காதீர்கள்.

தனிப் பாடமாக அது இருப்பது மேல்நிலையில் அறவியல் எடுக்கும் சிலருக்குத்தான். ஆனால் புத்தரும் மகாவீரரும் வரும் பாடத்திலேயே அது தொடங்கிவிடுகிறது. அங்கே பெரும்பாலும் பிறந்த ஆண்டு, இடம், எண்வழிப் பாதை என்று பட்டியல் போட்டு முடித்துவிடுகிறோம். எனக்கு ஆறாத வருத்தம் அது. ஏனென்றால் வாதம் செய்யக் கற்றுக்கொடுக்க நம் மொழியில் இருக்கும் பொருள் சாதாரணமானதில்லை.

மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் அவள் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். ஒன்றை அறிவதற்கு எத்தனை வழி என்பதிலேயே அங்கே கருத்து வேறுபாடு: வியாசர் பத்து என்றார், கிருதகோடி எட்டு என்றார், சைமினி ஆறு என்றார். இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பிள்ளைகளிடம் ஒரு செய்தி சொல்லுங்கள்: ‘நேற்று ராத்திரி மழை பெய்தது.’ உனக்கு எப்படித் தெரியும்? பார்த்தேன் என்பான் ஒருவன். காலையில் தரை ஈரமாக இருந்தது என்பாள் ஒருத்தி. அம்மா சொன்னாங்க என்பான் மூன்றாமவன். காட்சி, அனுமானம், நம்பத்தக்கவர் சொல் மூன்றும் வந்தாயிற்று. லாரி தண்ணீர் சிந்தியும் தரை ஈரமாகலாமே என்று ஒரு பிள்ளை எழுந்தால், அனுமானம் எங்கே பிழைக்கும் என்ற இடத்துக்கு வகுப்பு தானாகவே வந்துவிட்டது என்று பொருள்.

இன்னொன்று இதைவிடக் கனமானது, ஒன்பதாம் வகுப்புக்கு மேல் செய்யுங்கள். பௌத்த நூலான குண்டலகேசி நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை, சில பாடல்களே மிச்சம். அதை மறுக்க எழுந்த சமண நூல் நீலகேசி கிடைத்திருக்கிறது. ஆகவே குண்டலகேசியின் வாதங்களில் பலவற்றை எதிராளியின் வாய்வழியாகத்தான் கேட்கிறோம். பொருள்முதல்வாதிகளான உலகாயதர்களின் கதியும் இதுதான். சிவஞான சித்தியாரின் பரபக்கம் போல மறுத்தவர்கள் எழுதிவைத்ததிலிருந்தே அவர்களைப் பெரிதும் அறிகிறோம். பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரியுங்கள். ஓர் அணி ஒரு கருத்தைச் சொல்லட்டும். மறுக்கும் முன், அந்தக் கருத்தை மற்ற அணி திருப்பிச் சொல்ல வேண்டும். ‘ஆமாம், நாங்கள் சொன்னது அதுதான்’ என்று முதல் அணி ஒத்துக்கொண்டால்தான் மறுப்பு தொடங்கலாம். பட்டிமன்றக் கைதட்டலுக்குப் பழகிய பிள்ளைகளுக்கு இது முதலில் கசக்கும். விடாதீர்கள்.

5. ஊர் வரைபடம் வரையச் சொல்லும் முன் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வரைபடப் பாடத்துக்கு ஊரை வரைவதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஆனால் நம் ஊர்களில் தெரு வரைந்தால் சாதி தெரிந்துவிடும். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், நடுவில் ஓடையோ ரோடோ. யாருடைய வீடு எங்கே என்று கரும்பலகையில் குறிக்கச் சொல்லவே சொல்லாதீர்கள். பொது இடங்களை மட்டும் குறிக்கட்டும்: கண்மாய், ரேஷன் கடை, அஞ்சலகம், பேருந்து நிறுத்தம், மேல்நிலைத் தொட்டி, நூலகம், சுடுகாடு. பிறகு ஒவ்வொரு தெருமுனையிலிருந்தும் ரேஷன் கடைக்கு எத்தனை தப்படி என்று நடந்து அளக்கச் சொல்லுங்கள். எந்தத் தெருவுக்கு எல்லாமே தூரம் என்பது எண்ணாக வந்து நிற்கும். அந்த எண்களை வைத்துக்கொண்டு, தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவை நடத்தலாம், கிராம சபைக்கு மனு எழுதவும் கற்றுக்கொடுக்கலாம். எந்தப் பிள்ளையின் தலையும் குனியாது.

6. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இரண்டு எண் போதும்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,000 ஆண்களுக்கு 996 பெண்கள். ஆறு வயது வரையிலான குழந்தைகளில் மட்டும் பார்த்தால் 943. இரண்டையும் எழுதிவிட்டு, ஏன் இந்த வித்தியாசம் என்று கேளுங்கள். பெண்கள் கூடுதல் காலம் வாழ்வதால் மொத்தக் கணக்கு கொஞ்சம் நிமிர்கிறது என்பது புரிந்தபின், பிறக்கும் முன்னும் பிறந்த கையோடும் நடந்தது என்ன என்பதற்கு வந்தாக வேண்டும். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் ஏன் வந்தது என்பதை மென்று விழுங்காமல் சொல்லுங்கள். பெண் பிள்ளைகள் அந்த 943ஐப் பார்க்கும் பார்வை வேறு. அவர்களுக்குப் பேச நேரம் கொடுங்கள்.

7. பழைய புகைப்படம் என்றால், எடுத்தவர் யார் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

எட்கர் தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ரங்காச்சாரியின் துணையோடு அவர் தொகுத்த ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. மனிதர்களை நிறுத்தி வைத்து மூக்கையும் தலையையும் அளந்து பதிந்த காலம் அது. அந்தப் படங்கள் இன்று எளிதாகக் கிடைப்பதால், ‘தோடர்’ என்றோ ‘இருளர்’ என்றோ தலைப்புப் போட்டு அப்படியே காட்டிவிடுகிறார்கள். அந்தக் குடியைச் சேர்ந்த பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கலாம். காட்டத்தான் வேண்டுமென்றால், யார் எடுத்தது, எதற்காக, நிற்பவரிடம் சம்மதம் கேட்டிருப்பார்களா, அவர் பெயர் ஏன் எழுதப்படவில்லை என்று அளந்தவரைப் பற்றிய பாடமாக அதை மாற்றுங்கள்.

8. பக்கத்தில் இருக்கும் மலைக்குக் கூட்டிப்போங்கள்.

மதுரைப் பக்கம் வேலை கிடைத்தவர்களுக்குக் கீழக்குயில்குடி சமணர் மலை பெரிய கொடை. அடிவாரத்தில் அய்யனார், கருப்பசாமி. மேலே செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும். குகையில் அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரை ஊர் மக்கள் செட்டியார் என்று சொல்லிவந்தார்கள். புடவுக்குப் பெயரே அதிலிருந்துதான். இதைக் கேட்டதும் ‘மக்களின் அறியாமை’ என்று சொல்லிவிடாதீர்கள். சமணர்கள் போய் நூற்றாண்டுகள் ஆன பிறகும் அந்த உருவத்தை உடைக்காமல், தங்களுக்குத் தெரிந்த ஒரு பெயரைக் கொடுத்துக் காத்திருக்கிறார்கள். ஒரு சமயம் மறைந்த இடத்தில் மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதை இத்தனை நேராகக் காட்டும் பொருள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. எழுத்தின்மேல் சாக்பீஸ் தேய்க்க விடாதீர்கள், மண்ணெண்ணெய், எண்ணெய் எதுவும் பூசவிடாதீர்கள். வெயில் சாய்ந்த நேரத்தில் போனால் பக்கவாட்டு வெளிச்சத்தில் எழுத்து தானே தெரியும்.

9. வாட்ஸ்அப் செய்தியும் துணைக்கருவிதான்.

கீழடியைப் பற்றிப் பிள்ளைகளுக்கு வரும் செய்திகளில் ஒன்றைக் கரும்பலகையில் எழுதுங்கள். பக்கத்திலேயே தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை சொல்வதை எழுதுங்கள்: 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரிமத்தின் காலம் பொ.மு. 580. எந்த ஆழம், எந்தப் பொருள், எந்த அறிக்கை என்று மூன்றும் இரண்டாவதில் இருக்கின்றன. முதலாவதில் எது இருக்கிறது என்று அவர்களே தேடட்டும். கீழடியின் மேல் உள்ள பாசம் இதனால் குறையாது.

10. பெற்றோர் பணத்தில் தெர்மாகோல் கோயில் வேண்டாம்.

கூலிக்குப் போகிற அம்மா கடைசி நேரத்தில் இருநூறு ரூபாய்க்கு அலைவார். செய்து தருவது கடைக்காரர், மதிப்பெண் பிள்ளைக்கு. மின் கட்டண ரசீது, பேருந்துச் சீட்டு, பழைய செய்தித்தாள், நூறு நாள் வேலை அட்டையின் நகல் ஆகியவற்றில் இருக்கும் பொருளியல் அந்தத் தெர்மாகோல் கோயிலில் இல்லை. நகல் எடுக்கும்போது பெயரையும் எண்ணையும் மறைத்துவிடுங்கள்.

11. சேர்த்த பொருளுக்கு ஒரு பெட்டி வையுங்கள்.

ஒவ்வொன்றின் பின்னாலும் எங்கே கிடைத்தது, எந்த வகுப்பில் கொடுத்தீர்கள், பிள்ளைகள் கேட்டதில் உங்களால் பதில் சொல்ல முடியாத கேள்வி எது என்று எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டு அந்தக் கேள்வியிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம். மாறுதல் கவுன்சலிங்கில் வேறு ஊர் கிடைத்தால், அடுத்து வருபவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுப் போங்கள். கல்வெட்டுப் படியையும் கணக்கெடுப்புத் தாளையும் நீங்கள் போகும் ஊரில் மறுபடி தயாரித்துக்கொள்ளலாம். பிள்ளைகள் நடந்து அளந்து வரைந்த ஊர் வரைபடத்தை மட்டும் அந்தப் பள்ளியிலேயே விட்டுவிடுங்கள்.