காலமே பெருஞ்செல்வம்

வெளிநாட்டுப் பயணம் என்றதும் பலருக்கு ஒரு வார விடுமுறையே நினைவுக்கு வரும். ஆனால், மாதக்கணக்கில் பயணம் செய்து, அங்கங்கே தங்கி, மக்களோடு பழகி, அவர்களுடைய வாழ்க்கையை அறிந்துகொள்வதே சிறந்தது என்று வலியுறுத்தி வருபவர் அமெரிக்கப் பயண எழுத்தாளர் ரோல்ஃப் பாட்ஸ்.

இவர் 1970ஆம் ஆண்டு கேன்சஸ் மாநிலத்தில் பிறந்தார். கல்லூரிப் படிப்பை முடித்ததும் சியாட்டல் நகரில் தோட்டப் பராமரிப்பு வேலை செய்து பணம் சேர்த்தார். அந்தச் சேமிப்பைக் கொண்டு எட்டு மாதங்கள் வேன் ஒன்றில் அமெரிக்காவைச் சுற்றி வந்தார். அப்பயணத்தை நூலாக்க அவர் எடுத்த முயற்சி வெற்றி பெறவில்லை. எனினும், அவர் பயணத்தையும் எழுத்தையும் கைவிடவில்லை.

பிறகு, பாட்ஸ் தென்கொரியாவின் பூசான் நகருக்குச் சென்று ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றினார். அங்கு ஈட்டிய வருமானத்தைச் சிக்கனமாகச் சேமித்து, ஆசிய நாடுகளில் நெடும்பயணம் மேற்கொண்டார். அவ்வனுபவங்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் வாசகர்களின் கவனத்தை ஈர்த்தன. 2003ஆம் ஆண்டு வெளிவந்த 'வேகபாண்டிங்' என்னும் நூல் அவருக்குப் பெரும்புகழைத் தேடித் தந்தது.

உண்மையான செல்வம் பணம் அன்று, காலமே என்பது அந்நூலின் மையக்கருத்து. நெடும்பயணம் வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே உரியது என்று பலர் எண்ணுகின்றனர். பாட்ஸ் அதனை மறுக்கிறார். தேவையற்ற செலவுகளைக் குறைத்துச் சேமிக்கத் தொடங்கும் நாளிலேயே பயணமும் தொடங்கிவிடுகிறது என்பது அவர் கருத்து. உழைப்பும் பயணத்தின் ஒரு பகுதியே என்பதை அவருடைய வாழ்க்கையே காட்டுகிறது.

குறைந்த பொருள்களே போதும் என்பதை மெய்ப்பிக்க, 2010ஆம் ஆண்டு அவர் பயணப்பை எதுவும் இல்லாமல் ஆறு வாரங்களில் 12 நாடுகளுக்குச் சென்று வந்தார். பல் துலக்கும் தூரிகை போன்ற சிறு பொருள்களை உடையின் பைகளிலேயே வைத்துக்கொண்டார். துணிகளை அவ்வப்போது துவைத்து உடுத்தினார்.

குடும்பப் பொறுப்பு, கடன், வேலை ஆகியவற்றால் எல்லாராலும் மாதக்கணக்கில் ஊர் சுற்ற முடியாது. ஆயினும், நம் காலத்தை எதற்காகச் செலவிடுகிறோம் என்னும் கேள்வி அனைவருக்கும் பொதுவானது. பாட்ஸ் அக்கேள்விக்கு இளமையிலேயே விடை தேடினார். பொருள்களைக் குறைத்து, அனுபவங்களைச் சேர்ப்பதே அவர் கண்ட விடை.