மழைக்காலமும் காரின் புளோயரும்

மழையில் கார் ஓட்டும்போது புளோயர் நின்றுபோனால், நாம் முதலில் இழப்பது குளிர்ச்சியை அன்று, பார்வையை. உள்ளிருப்போரின் மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த முன்கண்ணாடியில் படிந்து வழியை மறைக்கிறது. அதனை உலர்த்தும் காற்றைச் செலுத்தும் சிறு விசிறியே புளோயர். ஆகவே அதன் பழுதை வசதிக் குறைவாக மட்டும் எண்ணித் தள்ளிப்போடுவது தகாது.

பழுதின் இடத்தைப் பணிமனைக்குச் செல்லுமுன்னரே ஓரளவு நாம் கணிக்கலாம். விசிறிக் குமிழை ஒவ்வொரு நிலையாகத் திருப்பிப் பார்ப்போம். மற்ற நிலைகளில் காற்று வராமல் உச்ச வேகத்தில் மட்டும் வந்தால், பெரும்பாலும் பழுதானது ரெசிஸ்டர். மெதுவான வேகங்களுக்காக மின்னோட்டத்தைக் குறைப்பது அதுவே. உச்ச வேகத்தில் மின்சாரம் அதன் வழியே செல்வதில்லை. தானியங்கிக் குளிர்சாதனமுள்ள கார்களில் இப்பணியை மின்னணுக் கருவியொன்று செய்வதால் இச்சோதனை அங்குப் பொருந்தாது.

ரெசிஸ்டரை மாற்றியதும் வேலை முடிந்தது என்று பலரும் கருதுகின்றனர். சில மாதங்களில் புதியதும் கருகும்போதுதான் ஐயம் எழுகிறது. ரெசிஸ்டரைக் குளிர்விப்பது புளோயரின் காற்றே. தூசியால் கேபின் ஃபில்டர் அடைபட்டால் காற்றோட்டம் குறைந்து அது சூடேறும். தேய்ந்த மோட்டாரோ கூடுதல் மின்னோட்டத்தை இழுத்து அதனை எரித்துவிடும். எனவே மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை அளக்குமாறும், இணைப்பான் உருகியுள்ளதா எனப் பார்க்குமாறும் மெக்கானிக்கிடம் கேட்பது நம் உரிமை.

எந்த வேகத்திலும் இயங்காவிடில் முதலில் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாக அதே ஆம்பியர் அளவுள்ளதையே பொருத்துக. கூடுதல் அளவுள்ளதைப் போடுவதும் கம்பியால் இணைப்பதும் தீவிபத்தை அழைப்பதாகும். மோட்டார் ஓடும் ஒலி கேட்டும் காற்று மெலிந்திருந்தால் ஃபில்டரைச் சந்தேகிக்கலாம். கடகடவென்ற ஓசை, விசிறியில் சருகு சிக்கியதன் அறிகுறி. வெகுநாள் நிறுத்திய கார்களில் எலிக்கூடும் இருப்பதுண்டு!

பல கார்களில் ஃபில்டர் டேஷ்போர்டுப் பெட்டியின் பின்னால் உள்ளது. நம் நாட்டுத் தூசியில் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையேனும் அதைத் திறந்து பார்த்தல் நன்று. மரத்தடியில் நிறுத்துவோர் முன்கண்ணாடியின் அடியிலுள்ள காற்றுவாயிற் சருகுகளை மழைக்கு முன்பே அகற்றிவிடுக.

கார்க் கடன் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கமான வாகனக் காப்பீடு தேய்மானத்தையும் மின்சாரப் பழுதையும் ஏற்பதில்லை. வாரண்டிக் காலம் முடிந்தபின் இச்செலவு நம்முடையதே.

மழைப் பயணத்தின் நடுவே புளோயர் நின்றுவிட்டால், உட்காற்றுச் சுழற்சியை நிறுத்தி வெளிக்காற்று நிலைக்கு மாற்றுக. கண்ணாடி நோக்கிய துவாரங்களைத் திறந்து, பக்கக் கண்ணாடிகளைச் சிறிது இறக்குக. அப்போதும் கண்ணாடி தெளியாவிடில், சாலையோரம் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, உலர்ந்த துணியால் துடைத்த பின்னரே பயணத்தைத் தொடர்க.