தென்னங்குருத்துக்கு அந்துருண்டை

கேள்வி: மணலூர்பேட்டையில் இளந்தென்னை வைத்திருக்கிறேன். காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைகிறது. அந்துருண்டை வைத்தால் போதுமா?

பதில்: அந்துருண்டை வண்டைக் கொல்லாது, அதன் வாடைக்கு வண்டு அண்டாமல் விலகும், அவ்வளவுதான். உள்ளடுக்கு மூன்று மட்டை இடுக்குகளில் ஒவ்வோர் உருண்டை வையுங்கள். ஆவியாகிவிடும் என்பதால் 45 நாளுக்கொரு முறை மாற்றுங்கள். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரு பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம் அதே இடுக்குகளில் இடுவதையே நான் விரும்புவேன்.

வாடையால் விரட்டும் முறை வேறிடங்களிலும் உண்டு. அமெரிக்காவில் டக்ளஸ் ஃபிர் மரங்களைக் காக்க, ‘இங்கே இடமில்லை’ என்று பட்டை வண்டுகள் தமக்குள் உணர்த்தும் வாசனையையே உறையிலிட்டு மரத்தில் மாட்டுகிறார்கள்! ஆனால் விரட்டிய வண்டு வேறு மரம் தேடும். காண்டாமிருக வண்டின் புழு வளர்வதோ உங்கள் எருக்குழியில். அதைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்குங்கள். புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தை எருவில் கலந்துவிடுங்கள். தாமதிக்காதீர்கள், வண்டு துளைத்த காயத்தில் சிவப்புக் கூன்வண்டு முட்டையிட்டால் மரமே பட்டுப்போகும்.