வரிசையில் நிற்கிற வயசா அது?

கம்பம் பள்ளத்தாக்கில் தீம் பார்க் கிடையாது. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை அது லாரியில் ஏறி வீரபாண்டிக்கு வந்துவிடும். தேனியிலிருந்து கம்பம் போகிற சாலையில், முல்லைப் பெரியாற்றங்கரையில் இருக்கும் கௌமாரியம்மனுக்குச் சித்திரைத் திருவிழா 8 நாள். ராட்டினம், கொலம்பஸ், குட்டி ரயில் என்று பொட்டல் நிறைந்துவிடும். கோயிலில் நட்ட கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு வரிசை, அம்மனைப் பார்க்க ஒரு வரிசை, ராட்டின டிக்கெட்டுக்கு ஒரு வரிசை. தீச்சட்டி வந்தால் எல்லா வரிசையும் கலைந்து மறுபடி சேரும். மேலே மே மாத வெயில்.

இந்த வரிசைகளில் அதிகம் சிரமப்படுவது ஒன்றரை வயதும் இரண்டரை வயதுமாக ஒக்கலில் தொற்றிக்கொண்டிருக்கிற பிள்ளைகள்தான். அவர்களைச் சமாளிக்க ஆளுக்கொரு யோசனை உண்டு. முன்னால் நிற்கிற, முன்பின் தெரியாத அத்தைகூட ஒன்று சொல்வார். அவற்றில் பழுதில்லாததும் இருக்கிறது, வெறும் நம்பிக்கையும் இருக்கிறது. ஒன்றிரண்டு ஆபத்து.

நம்பிக்கை: "நாங்கெல்லாம் நிக்கலையா? செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்க, அதான் அடம்."

காத்திருப்பது நடை பழகுவதைப் போல மெல்ல வருகிற திறமை. ஆசையை அடக்கி வைக்கிற வேலையைச் செய்யும் மூளையின் முன்பகுதி இரண்டு வயதில் அரைவேக்காட்டில்கூட இருக்காது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் 1960களின் இறுதியில் தொடங்கிய மிட்டாய்ச் சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். எதிரே இருக்கிற ஒரு மிட்டாயை உடனே தின்னாமல் பொறுத்திருந்தால் இரண்டாகக் கிடைக்கும். அதில் உட்கார்ந்தவர்கள் மூன்றரை வயதைத் தாண்டிய பாலர் பள்ளிப் பிள்ளைகள். கைக்குழந்தைப் பருவம் இப்போதுதான் முடிந்தவர்களை மிஷெல் கூப்பிடவே இல்லை. கூப்பிட்டவர்களிலேயே பலரால் கால் மணி நேரம் தாங்க முடியவில்லை.

பொறுத்த பிள்ளைகள் பிற்காலத்தில் பெரிய ஆளாவார்கள் என்று அந்தச் சோதனையைச் சொல்லிச் சொல்லிப் பெருக்கியது தனிக் கதை. 2018இல் இன்னும் பெரிய கூட்டத்தை வைத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு வெகுவாகச் சுருங்கிவிட்டது. வரிசைக்கு உதவுகிற செய்தி வேறு. மிட்டாயைக் கண்ணுக்கு மறைவாக வைத்தபோது பிள்ளைகள் கூடுதல் நேரம் பொறுத்தார்கள். வேறு ஏதாவது சந்தோஷமான விஷயத்தை நினைக்கச் சொன்னபோதும் அப்படியே. நம்மவர்கள் செய்வது நேர்எதிர். "அந்தா பாரு ராட்டினம், இப்ப ஏறப் போறோம்" என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை விரலை நீட்டுகிறார்கள். பிள்ளையின் முகம் ராட்டினத்துக்கு எதிர்ப்பக்கம் இருந்தால் அழுகை கொஞ்சம் தள்ளிப் போகும்.

"இன்னும் அஞ்சே நிமிஷம்" என்பதும் அந்த வகைதான். எவ்வளவு நேரமாகும் என்று தெரிந்தால் காத்திருப்பின் பாரம் குறையும் என்று மேலாண்மை நிபுணர் டேவிட் மெய்ஸ்டர் 1985இல் எழுதினார். பெரியவர்களுக்கு அது பொருந்தும். இரண்டு வயசுக்கு நிமிஷமும் தெரியாது, ஐந்தும் தெரியாது. அதற்குப் புரிவது முன்னும் பின்னும்தான். முதலில் இந்தச் சவுக்குக் கம்பைத் தொடுவோம், அப்புறம் அந்த மஞ்சள் கயிறு, அப்புறம் மணிச் சத்தம், அப்புறம் உள்ளே. வரிசை நகர்வதைப் பிள்ளை தன் கையால் தொட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

நம்பிக்கை: "போனைக் குடுத்துட்டா சத்தம் வராது."

உண்மையிலேயே வராது. அதனால்தான் இந்த நம்பிக்கையை அசைக்க முடியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம் என்கிறது. இரண்டு வயதானால் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் கூடாது, குறைந்தால் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இரண்டு வயதுக்குள் வேண்டாம் என்றே சொல்கிறது. அமெரிக்காவில் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் 422 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2022 இறுதியில் வெளியானது. அழுகையை அடக்க அடிக்கடி போனைக் கொடுத்த வீடுகளில், சில மாதங்கள் கழித்துப் பிள்ளைகளின் சிடுசிடுப்பு கூடியிருந்தது. ஆண் பிள்ளைகளிடம் இது கூடுதலாகத் தெரிந்தது. போன் அந்த நேரத்து அழுகையை நிறுத்துகிறது, தன்னைத் தானே தேற்றிக்கொள்ளப் பழகும் வாய்ப்பையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. மூன்று மணி நேர வரிசையில் பத்து நிமிஷம் போன் பார்த்தால் குடி முழுகிவிடாது. ஊரிலிருக்கும் அப்பத்தாவை வீடியோவில் கூப்பிட்டுப் பேச வைத்தால் அதைப் படம் பார்க்கிற கணக்கில் சேர்க்கவும் வேண்டாம். முதல் நிமிஷமே போனை எடுப்பதுதான் தப்பு.

பொம்மைப் பை தூக்கிகளுக்கு ஒரு நல்ல செய்தி: சுமையைக் குறைக்கலாம். டொலீடோ பல்கலைக்கழகத்தில் 2018இல் ஒன்றரை முதல் இரண்டரை வயது வரையுள்ள 36 பிள்ளைகளை விளையாட விட்டுப் பார்த்தார்கள். 16 பொம்மை பரப்பி வைத்தபோது இருந்ததைவிட 4 மட்டும் வைத்தபோது ஒவ்வொன்றோடும் நெடுநேரம், விதவிதமாக விளையாடினார்கள். ஒரு எவர்சில்வர் டம்ளர், மூடி, கைக்குட்டை. போதும்.

தேனிப் பக்கத்திலும் புழங்குகிற சொல் ஒன்று இந்த விஷயத்தில் ஆராய்ச்சிக்காரர்களைவிட முன்னால் நிற்கிறது: பராக்குக் காட்டுதல். அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து காக்காயையும் மாட்டையும் பஸ்ஸையும் காட்டுகிற அம்மாச்சிகளின் கலை அது. வீரபாண்டியில் பராக்குக்குப் பஞ்சமே இல்லை. ஆயிரங்கண் பானை, வேப்பிலைக் கட்டு, உறுமிக்காரர், வளையல் கடை, தூரத்தில் மேகமலை.

ஆனால் இதிலும் ஒரு திருத்தம் வேண்டியிருக்கிறது. நாம் காட்டுவதைப் பிள்ளை பார்க்க வேண்டும் என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். பிள்ளையோ கீழே கிடக்கிற நசுங்கிய பேப்பர் கப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதன் முகவாயைத் திருப்பி "அங்க பாரு சாமி" என்பார்கள். மைக்கேல் டொமசெல்லோவும் ஃபராரும் 1986இல் எழுதிய ஆய்வு இங்கே கைகொடுக்கிறது. பிள்ளை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிற பொருளின் பெயரைச் சொன்னபோது அது சுலபமாகக் கற்றது. பார்வையைத் திருப்பி வேறொன்றைக் காட்டிச் சொன்னபோது அவ்வளவு ஒட்டவில்லை. ஆக, பேப்பர் கப்பையே பராக்காக்கிக்கொள்ளலாம். "கப்பு. யாரு மிதிச்சா? அந்த மாமாவா?" பிள்ளை ஏதோ ஒரு சத்தம் கொடுக்கும். அதற்குப் பதில் கொடுத்தால் இன்னொரு சத்தம் வரும். வரிசை பத்தடி நகர்ந்திருக்கும்.

உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகச் சோறு பங்கிட்டு, கடைசியில் நண்டை முழங்கை வழியாக அக்குள்வரை ஊரவிடுகிற பழைய விளையாட்டு வரிசைக்கென்றே செய்ததைப் போல இருக்கிறது. இடம் வேண்டாம், பொருள் வேண்டாம், கையை விடவும் வேண்டாம். கிச்சுகிச்சு எப்போது வரும் என்று பிள்ளைக்குத் தெரியும், தெரிந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். அந்த அரை நிமிஷம்தான் அந்த வயதுக்கு ஏற்ற பொறுமைப் பயிற்சி. இருபதாவது தடவையும் சிரிக்கும். சலிப்பது நமக்குத்தான்.

நம்பிக்கை: "வரிசையை விட்டு நகந்தா எடம் போயிரும். தூக்கியே வச்சுக்க."

மேலே சொன்ன உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலிலேயே இன்னொரு வரி உண்டு. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையைத் தள்ளுவண்டியிலோ முதுகிலோ கட்டி ஒரே இடத்தில் ஒரு மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது. ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு மூன்று மணி நேரமாவது உடம்பு அசைய வேண்டும். இறக்கி விட்டால் ஓடும் என்ற பயம் நியாயம்தான். ஆனால் நம் ஊர் வரிசையில் "அக்கா, எடத்தைக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்றால் பார்த்துக்கொள்வார்கள். ஒருவர் நிற்க, இன்னொருவர் பிள்ளையோடு பத்து நிமிஷம் நடந்துவிட்டு வந்து மாற்றிக்கொள்ளலாம். சித்திரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயில் போகிறவர்களுக்கு இது லேசில் வாய்க்காது. வருஷத்தில் ஒரே நாள்தான் அனுமதி, குமுளியில் ஜீப்புக்கு வரிசை, புலிகள் காப்பகம் என்பதால் பிளாஸ்டிக்குக்குத் தடை. இரண்டு வயதுப் பிள்ளையை அன்று வீட்டில் விட்டுவிட்டுப் போனால் கண்ணகி கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

வெயிலுக்குத் துண்டைப் போட்டுப் பிள்ளையை மூடுவதும் சரியல்ல. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தள்ளுவண்டிமேல் மெல்லிய துணி போர்த்தி அளந்தார்கள். காய்ந்த துணி உள்வெப்பத்தை இரண்டரை டிகிரிக்கு மேல் ஏற்றியது. ஈரத்துணியும் சின்ன விசிறியும் சேர்ந்தபோது வெப்பம் நன்றாக இறங்கியது. குடை பிடியுங்கள், ஓலை விசிறியால் வீசுங்கள், அடிக்கடி தண்ணீர் கொடுங்கள்.

நம்பிக்கை: "மிட்டாய் குடுத்தா ஆட்டம் தாங்க முடியாது."

சர்க்கரை பிள்ளைகளைத் துள்ள வைக்கும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. முந்தைய சோதனைகளையெல்லாம் திரட்டிப் பார்த்து 1995இலேயே சொல்லிவிட்டார்கள். அதற்கு முந்தைய வருஷம் நடந்த இன்னொரு சோதனை சுவாரஸ்யமானது. பிள்ளைகளுக்குச் சர்க்கரையே கொடுக்காமல், கொடுத்ததாகச் சில தாய்மார்களிடம் சொன்னார்கள். அவர்கள் "இன்னைக்கு ரொம்ப ஆடுறான்" என்றார்கள். திருவிழாவில் பிள்ளையை ஆட வைப்பது திருவிழாதான். மிட்டாய் பல்லுக்கு ஆகாது என்பது வேறு விஷயம். ரோஸ் நிறப் பஞ்சுமிட்டாயை ஒதுக்க வேறொரு காரணம் இருக்கிறது. ரோடமின்-பி என்ற துணிச்சாயம் அதில் கலந்திருப்பது ஆய்வில் தெரிந்ததால் தமிழக அரசு 2024 பிப்ரவரியில் தடை போட்டது.

உண்மையான பயம் எதற்கு வேண்டும் என்றால், "பழந்தானே, குடு" என்று நீட்டுகிற கைக்கு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பள்ளத்தாக்கின் பெருமை, அதில் சந்தேகமில்லை. ஆனால் முழுத் திராட்சை சின்னப்பிள்ளையின் மூச்சுக்குழாயை அடைக்கிற அளவில், அடைக்கிற வழுவழுப்போடு இருக்கிறது. விதை எடுத்தால் போதும், ஓடைப்பட்டி விதையில்லாத் திராட்சை என்றால் சரி என்று நினைக்க வேண்டாம், உருண்டைதான் பிரச்சினை. நீளவாக்கில் நான்காக நறுக்கி, விதை நீக்கி, டப்பாவில் போட்டு வீட்டிலிருந்தே கொண்டு போகலாம். நிலக்கடலை, பாப்கார்ன், கல்கண்டு எல்லாம் நான்கு வயதுக்கு அப்புறம். கூட்டம் இடிக்க, பிள்ளை சிரிக்க, ஒக்கலில் ஆடிக்கொண்டே தின்னும்போது அபாயம் இன்னும் கூடும். உடைந்த பலூன் துண்டும் அப்படித்தான். அமெரிக்காவில் 8 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆபத்து என்ற எச்சரிக்கை இல்லாமல் பலூன் விற்கக் கூடாது என்று 1994இல் சட்டமே போட்டார்கள். நம் திருவிழாவில் அதை ஊதி ஊதி வெடிக்க வைத்துக் கையில் கொடுக்கிறோம்.

தொண்டையில் சிக்கிவிட்டால் கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவக் கூடாது, உள்ளே தள்ளிவிடும். பிள்ளையை முன்னால் கவிழ்த்துப் பிடித்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஐந்து தட்டு தட்டிக்கொண்டே 108ஐ அழைக்கச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, எல்லா வரிசையிலும் கேட்கிற ஒன்று: "அழுதா போலீஸ் புடிச்சிட்டுப் போயிரும்." பூச்சாண்டியாவது கற்பனை. போலீஸ் நிஜமாகவே அங்கே நிற்கிறார், கூட்டத்தில் கை நழுவிய பிள்ளைக்கு முதல் துணையும் அவர்தான். காக்கிச் சட்டையைக் கண்டாலே ஒளியப் பழக்கிய பிள்ளை தொலைந்தால் அவரிடம் போகுமா? திருவண்ணாமலைக் கார்த்திகை தீபத்தில் போலீசாரே பிள்ளைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் போன் எண் எழுதிய பட்டையைக் கட்டுகிறார்கள். குமுளி வழியாகச் சபரிமலை போகிறவர்கள் பம்பையிலும் அதைப் பார்த்திருப்பார்கள். பட்டை கிடைக்காத இடத்தில் பால்பாயிண்ட் பேனா போதும். வரிசையில் நுழையும் முன் பிள்ளையின் முன்கையில் உங்கள் எண்ணை எழுதிவிடுங்கள். காணாமல் போன பிள்ளை யாருடையதாக இருந்தாலும் அழைக்க வேண்டிய எண் 1098. இரவும் பகலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை.